பனங்காட்டுக்கு விடியலில் போங்கள்

கேள்வி: மகனும் மருமகளும் நாசிக் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில், கொடிகளுக்கு நடுவே ஒயினும் சாப்பாடுமாக ஒரு நாள் இருந்துவிட்டு வந்தார்கள். சித்திரையில் இங்கே வருகிறார்கள். "உங்க ஊர்ல பனை இருக்கே, அதே மாதிரி எங்கே சாப்பிடலாம்? கள் கிடைக்குமா?" என்று வடநாட்டு மருமகள் கேட்கிறாள். என்ன சொல்ல?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கள் பேச்சை முதலிலேயே முடித்துவிடுவோம் அம்மா. தமிழ்நாட்டில் அதற்கு 1987 முதல் தடை. ஆனால் கள்ளும் பதநீரும் ஒரே பாளையில் வடிகிறவைதான். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் பதநீர், தடவாவிட்டால் கள். ஒயின் புளிக்கிற இடத்தைப் பார்த்த பெண்ணுக்கு இது சட்டென்று பிடிபடும்.

மேசை நாற்காலி போட்ட ஓட்டலைப் பனங்காட்டில் தேடாதீர்கள். ஒயின் வருஷக்கணக்கில் காத்திருக்கும், பதநீர் மத்தியானம்வரைகூடத் தாங்காது. நானே ஒருமுறை நெடுஞ்சாலையோரம் பதினொரு மணிக்கு வாங்கிக் குடித்து, அது பதநீரா சாக்கரின் தண்ணீரா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் இருட்டோடு கிளம்புங்கள். நாசரேத், மெஞ்ஞானபுரம் வழியாக உடன்குடிப் பக்கம் போனால், பனையேறிகள் கலயம் இறக்குகிற நேரத்துக்குப் போய்ச் சேரலாம். ஓலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள். நுங்கைச் சீவிப் போட்டுக் குடிக்கலாம்; எனக்கென்னவோ மாங்காய்த் துண்டு போட்டதுதான் உசத்தி. ஒரே ஒரு வேண்டுகோள்: அவர்களுக்கு இன்னும் ஏற வேண்டிய மரங்கள் இருக்கும். செல்ஃபிக்காக மரத்தடியில் நிறுத்தி வைக்காதீர்கள்.

பக்கத்திலேயே விடிலி, அதாவது பதநீர் காய்ச்சுகிற குடிசை, இருந்தால் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். பதநீர் கொதித்துக் கூப்பனி என்கிற பாகாகி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாவதைப் பார்க்கலாம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு. வாங்கும்போது ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். இனிப்புக்கு அடியில் லேசாகக் கரிக்க வேண்டும். வெறும் சர்க்கரைத் தித்திப்பு என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

சாப்பாட்டுக்கு என் யோசனை, நீங்களே கட்டிக்கொண்டு போவது. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் போதும். காயாமொழிக்கு அந்தப் பக்கம் செக்கச்செவேலென்று தேரிக்காடு என்கிற செம்மணல் காடு. அதற்குள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். மணல் மேட்டுக்கு நடுவே சுனையும் மர நிழலும். நாசிக்கில் இது கிடையாது என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். இலையையும் மிச்சத்தையும் பையில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள்.

திருச்செந்தூரில் சைவ ஓட்டல்களுக்குப் பஞ்சமில்லை; முகூர்த்த நாளென்றால் மட்டும் உட்கார இடம் கிடைக்காது. சாயங்காலம் திருநெல்வேலி டவுனுக்கு வந்துவிட்டால் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் வரிசை நிற்கும். தாமதித்தால் அல்வா தீர்ந்துவிடும்.

நம்ம ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பான சொதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற சொதியை ஓட்டலிலா வாங்கிக் கொடுப்பது? மறுநாள் வீட்டிலேயே வையுங்கள். கடைசியில் ஊற்றுகிற கெட்டித் தேங்காய்ப்பாலைக் கொதிக்க விடாமல், இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். அந்தப் பிழிகிற வேலையை மருமகளிடம் கொடுங்கள்.