பிஷப்புகளின் சண்டை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலிக்கன் திருச்சபை தன்பாலீர்ப்பு விஷயத்தில் உடையப்போகிறது என்று இருபது வருடமாகச் செய்தி படிக்கிறேன். உடைந்ததா இல்லையா என்றுதான் இன்னும் புரியவில்லை. 2025 அக்டோபரில் சாரா முல்லாலியை கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பாக அறிவித்தார்கள். இரண்டே வாரத்தில் எதிரணியான காஃப்கான், இனி நாங்கள்தான் உலக ஆங்கிலிக்கன் ஐக்கியம் என்று அறிக்கை விட்டது. எனக்கு இரண்டு கேள்விகள். ஓட்டுப்போட்டு ஒரு முடிவெடுத்து, பிடிக்காதவர்கள் போகட்டும் என்று ஏன் விடக்கூடாது? அப்புறம், இது முன்னேறிய மேற்குக்கும் பின்தங்கிய ஆப்பிரிக்காவுக்கும் நடக்கும் சண்டைதானே?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஓட்டெல்லாம் எப்போதோ போட்டாகிவிட்டது. உலகெங்குமுள்ள ஆங்கிலிக்கன் பிஷப்புகள் இங்கிலாந்தில் கூடும் லாம்பெத் மாநாட்டில், 1998-ல், தன்பாலுறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்ற தீர்மானத்துக்கு ஆதரவாக 526 பிஷப்புகள், எதிராக 70 பேர். 45 பேர் எந்தப் பக்கமும் சேரவில்லை. (தென்னிந்தியத் திருச்சபையில் பிஷப்பையே பேராயர் என்பார்கள், பத்திரிகைகளோ ஆர்ச்பிஷப்பைப் பேராயர் என்று எழுதும். குழப்பம் வேண்டாமென்று நான் பிஷப், ஆர்ச்பிஷப் என்றே எழுதுகிறேன்.) இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் ஜெயித்த பிறகும் விஷயம் முடியவில்லை. லாம்பெத்தில் போடுகிற ஓட்டு யாரையும் கட்டாது என்பதுதான் காரணம். தெரிந்தேதான் அப்படி வைத்தார்கள்.

அது 1867 கதை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஜான் கொலன்சோ என்று ஒரு பிஷப் இருந்தார். கணக்கு வாத்தியார், பள்ளிகளுக்குக் கணக்குப் புத்தகம் எழுதியவர். ஜூலு மொழியில் வேதாகமத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, கூட உட்கார்ந்து உதவிய வில்லியம் ங்கிடி என்ற ஜூலுக்காரர் நோவாவின் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டார்: இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா? கொலன்சோவால் மழுப்ப முடியவில்லை. வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தார். ஆறு லட்சம் ஆண்கள் ஒரு கூடாரத்தின் வாசலில் எப்படி நிற்க முடியும் என்கிற மாதிரிக் கணக்குகள். புத்தகம் வந்ததும் கேப் டவுன் பிஷப் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், அதாவது அன்றைய பிரிட்டிஷ் பேரரசின் மேல் முறையீட்டு மன்றம், நீக்கியது செல்லாது என்றது. அப்படியானால் யார் சொல்வதுதான் செல்லும்? கனடா பிஷப்புகள், எல்லோரும் ஒரு தடவை கூடிப் பேசலாமே என்று கேட்டார்கள். அதில் பிறந்ததுதான் லாம்பெத் மாநாடு.

அதற்கும் ஏகப்பட்ட எதிர்ப்பு. யார்க் ஆர்ச்பிஷப் வர மறுத்தார். நிறைவு ஆராதனைக்கு லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தைத் தர அதன் தலைமைக் குருவான டீன் மறுத்தார். கூட்டத்தைக் கூட்டிய ஆர்ச்பிஷப் லாங்லி, இங்கே யாரையும் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவும் போட மாட்டோம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அதை நம்பித்தான் 76 பிஷப்புகள் வந்தார்கள். கத்தோலிக்கர்களுக்கு ரோமில் ஒருவர் இருக்கிறார். ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் இன்று 42 தன்னாட்சித் திருச்சபைகள் இருக்கின்றன, தென்னிந்தியத் திருச்சபையும் அதில் ஒன்று. கேன்டர்பரி ஆர்ச்பிஷப் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பலாம், தலைமை நாற்காலியில் உட்காரலாம். இன்னொரு நாட்டுத் திருச்சபைக்கு உத்தரவு போட முடியாது.

பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பதில்கூடத் திருச்சபைக்குத் திருச்சபை வேறு வழக்கம்தான். முணுமுணுப்போடு ஓட்டிவிட்டார்கள். இது மட்டும் ஏன் வெடித்தது என்றால், பிரச்சினை பிஷப் பதவியைத் தொட்டது. பிஷப் என்பவர் ஒரு ஊருக்கு மட்டும் பிஷப் அல்ல, உலகத் திருச்சபை முழுவதும் அவரை பிஷப்பாக ஏற்க வேண்டும் என்பது கொள்கை. 2003 நவம்பர் 2 அன்று அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் ஜீன் ராபின்சனுக்கு பிஷப் அபிஷேகம் நடந்தது. ஓர் ஆணோடு வெளிப்படையாகக் குடும்பம் நடத்துபவர். கொலை மிரட்டல் இருந்ததால் அங்கிக்குள் குண்டு துளைக்காத உடுப்பு போட்டிருந்தார். 2008 லாம்பெத்துக்கு அவருக்கு அழைப்பு இல்லை. அவரை பிஷப் ஆக்கியவர்களை அழைத்ததற்காக இருநூறுக்கும் மேற்பட்ட பிஷப்புகள் வரவே இல்லை. அவர்களில் பலர் அந்த ஜூனிலேயே ஜெருசலேமில் தனியாகக் கூடியிருந்தார்கள். அதுதான் காஃப்கான்.

‘போகட்டும் என்று விடுவது’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் போனார்கள். 2009-ல் தனித் திருச்சபையே அமைத்தார்கள். உடனே வந்த கேள்வி, கோயில் கட்டடம் யாருக்கு? வர்ஜீனியாவில் ஃபால்ஸ் சர்ச் என்ற பழைய சபையில் பெரும்பான்மையினர் வெளியேற ஓட்டுப்போட்டார்கள். வழக்கு வருடக்கணக்கில் நடந்து, கட்டடம் பழைய திருச்சபைக்கே போனது. ஜெபித்த கூட்டம் கோயிலை விட்டு இடம் மாறியது.

சரி, ஆப்பிரிக்கா. ‘பின்தங்கிய’ என்ற சொல்லை நீங்கள் திரும்பப் பெற்றுக்கொண்டால் சந்தோஷப்படுவேன். உகாண்டா கிறிஸ்தவர் ஒருவரின் நினைவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1886 ஜூன் 3, நமுகொங்கோ என்ற இடத்தில் அரண்மனைப் பணிப்பையன்கள் பலரை அரசன் முவாங்கா உயிரோடு எரித்தான். ஆங்கிலிக்கன்களும் கத்தோலிக்கர்களும் சேர்ந்தே எரிந்தார்கள். அரசனின் இச்சைக்கு இணங்க மறுத்தது ஒரு முக்கியக் காரணம். அந்த நாள் அங்கே இன்றும் பொது விடுமுறை. எங்கள் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து மறுத்ததை, மதத்தைக் கொண்டுவந்த நீங்களே இன்று ஆசீர்வதிக்கிறீர்களா என்று அவர்கள் கேட்கிறார்கள். மனமொத்த இருவரின் உறவும் ஓர் அரசனின் அடாவடியும் ஒன்றல்ல என்று நான் அவர்களிடம் வாதாடுவேன். ஆனால் அந்தக் கேள்வியில் பின்தங்கியது ஒன்றும் இல்லை.

இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. பல மனைவிகள் உள்ளவன் கிறிஸ்தவனாக வந்தால் என்ன செய்வது? மனைவிகளைத் துரத்திவிட்டு வா என்றார்கள் மிஷனரிகள். துரத்தப்பட்ட பெண்ணும் குழந்தையும் எங்கே போவார்கள் என்று கேட்டவர் அதே கொலன்சோதான். 1888 லாம்பெத், பலதார மணத்தில் வாழும் ஆணுக்கு ஞானஸ்நானம் கிடையாது என்றது. 1988 லாம்பெத், இனிமேல் புதிதாக மணப்பதில்லை என்ற நிபந்தனையோடு குடும்பத்தோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றது. நடுவில் நூறு வருடம். எங்கள் குடும்பங்களைப் பிரிக்கும்போது வேதத்தில் வளைவே இல்லை என்றீர்களே, உங்கள் வீட்டு விஷயம் என்றதும் எப்படி வளைந்தது என்று ஓர் ஆப்பிரிக்க பிஷப் கேட்டால் எனக்கு பதில் இல்லை. ஆனால் அதே கதையை நான் மறுபக்கமாகவும் படிக்கிறேன். அன்று மனிதர்களைப் பார்த்து விதியைத் தளர்த்த முடிந்ததென்றால், இன்று ஏன் முடியாது?

நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்க விரும்பவில்லை. தன்பாலீர்ப்பாளர்களைத் திருச்சபை முழு மனிதர்களாக நடத்த வேண்டும் என்பது என் கட்சி. 1998 தீர்மானத்தை நாள்தோறும் மேற்கோள் காட்டுபவர்கள் அதன் இன்னொரு பாதியை மறந்துவிடுகிறார்கள் என்பது என் கோபம். தன்பாலீர்ப்பாளர்களின் அனுபவத்தைக் கேட்போம் என்றும், அவர்கள்மீதான காரணமற்ற அச்சத்தைக் கண்டிக்கிறோம் என்றும் அதே தீர்மானத்தில்தான் இருக்கிறது. 2023-ல் உகாண்டா போட்ட கொடும் சட்டத்தை அங்குள்ள ஆர்ச்பிஷப் வரவேற்றார். மரண தண்டனைக்குப் பதில் ஆயுள் தண்டனை போதும் என்பதுதான் அவர் காட்டிய இரக்கம்.

ஆனால் வரைபடத்தில் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. தன்பாலீர்ப்பாளரை வெறுக்கும் கடவுளை வணங்க மாட்டேன் என்று சொன்ன ஆர்ச்பிஷப் டெஸ்மண்ட் டுட்டு ஆப்பிரிக்கர். அவர் மகள் ம்போ டுட்டு குருவானவர். ஒரு பெண்ணை மணந்ததால் தென்னாப்பிரிக்கத் திருச்சபையில் ஊழிய உரிமத்தை விட வேண்டியிருந்தது. 2022 செப்டம்பரில், இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயரில் இறந்துபோன தன் ஞானத்தந்தையின் அடக்க ஆராதனையை நடத்தப் போனார். இங்கிலாந்துத் திருச்சபை அனுமதிக்கவில்லை. குடும்பத்தார் கோயிலை விட்டுவிட்டு, பக்கத்தில் பந்தல் போட்டு அங்கே அவரை வைத்து ஆராதனையை நடத்தினார்கள். முன்னேறிய மேற்கு என்றீர்களே, அது இதுதான்.

உடைந்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். 2022 லாம்பெத்துக்கு நைஜீரியா, உகாண்டா, ருவாண்டா பிஷப்புகள் வரவில்லை. அங்கே ஒரே பாலில் மணம் செய்த பிஷப்புகளுக்கு அழைப்பு இருந்தது, அவர்கள் துணைகளுக்கு இல்லை. எதிரணியில் வந்திருந்த பிஷப்புகள் சிலர் கேன்டர்பரி பேராலயத்துக்குள் வந்து பாட்டுப் பாடினார்கள், ஜெபித்தார்கள். அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து நேரத்தில் மற்றவர்கள் எழுந்து வரிசையில் போக, இவர்கள் மட்டும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.