படர்ந்து வளரும் பெருங்குடல் கட்டிகள்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அப்பாவின் கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டில் 'எல்எஸ்டி, 30 மி.மீ.' என்று இருக்கிறது. புற்றுநோயா?

பதில்: எல்எஸ்டி (laterally spreading tumor) என்ற அந்த மூன்று எழுத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மேலே எழும்பாமல் குடல் சுவரோடு பக்கவாட்டில் படரும், 10 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கட்டிகளுக்கு ஜப்பானிய மருத்துவர் ஷின்ஏய் குடோ 1993இல் வைத்த பெயர் அது. பெரும்பாலானவை அடினோமாதான், அதாவது இன்னும் புற்றாகாத, ஆனால் விட்டுவைத்தால் ஆகக்கூடிய கட்டி. எந்த வகை என்று கேளுங்கள். ஸ்கோப் வழியாகவே அகற்றக்கூடியது என்றால் பயாப்ஸிக்கு அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: சார், பயிற்சி மருத்துவர் நான். வகைகளைப் பார்த்ததும் எப்படிப் பிரிப்பது?

பதில்: முதலில் நன்றாகக் கழுவுங்கள், இண்டிகோ கார்மைன் என்ற நீலச் சாயம் தெளியுங்கள். ரவையைப் பரப்பியது போல் ஒரே சீரான குருணை தெரிந்தால் சீர்க்குருணை வகை. அந்த ரவைக்கு நடுவே பெரிய முடிச்சு இருந்தால் கலப்பு முடிச்சு வகை. புற்று ஆழமாக ஊடுருவுவது பெரும்பாலும் அந்த முடிச்சுக்கு அடியில்தான், அதனால் முடிச்சைத் துண்டாக்காதீர்கள். குருணையே இல்லாமல் வழவழப்பாகச் சற்று மேடிட்டிருந்தால் தட்டை மேடு. நடுவில் சாயம் லேசாகத் தேங்கினால் போலிப்பள்ளம். நான் பயப்படுவது இதற்குத்தான். புற்று எந்த இடத்தில் உள்ளே இறங்கியிருக்கும் என்று மேலிருந்து கணிக்க முடியாது, ஒரே துண்டாகத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: கட்டிகளைப் பிரிக்க ஏற்கெனவே பாரிஸ் வகைப்பாடு இருக்கிறதே, இந்த எல்எஸ்டி வகைகள் எதற்கு?

பதில்: பாரிஸ் சொல்வது கட்டியின் உயரம். சீர்க்குருணையும் தட்டை மேடும் அதில் ஒரே 0-IIa, அதாவது சற்றே மேடிட்டது. ஆனால் 2018இல் வந்த தொகுப்பாய்வில் சளிச்சவ்வை (குடலின் உள் உறையை) தாண்டிய புற்று முதலாவதில் 0.5%, இரண்டாவதில் 4.9%. பத்து மடங்கு வித்தியாசம்! இரண்டையும் எழுதுங்கள்.

கேள்வி: அதே பயிற்சி மருத்துவர்தான். அளவை எழுதினால் போதாதா சார்?

பதில்: போதாது. அந்த ஆய்வில் போலிப்பள்ளத்துக்கு 31.6%, கலப்பு முடிச்சுக்கு 10.5%. 50 மி.மீ. சீர்க்குருணையை விட 20 மி.மீ. போலிப்பள்ளம்தான் எனக்குக் கவலை.

கேள்வி: அம்மாவுக்கும் எல்எஸ்டியாம். புற்றுநோயா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள் அம்மா.

கேள்வி: மருந்தில் கரையுமா?

பதில்: கரையாது.

கேள்வி: ஏற்கெனவே ஐந்தாறு இடத்தில் பயாப்ஸி எடுத்துவிட்டார்களே?

பதில்: இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கிள்ளிய இடத்தில் தழும்பு விழுந்தால், அகற்றுவதற்காக அடியில் திரவம் ஏற்றினாலும் கட்டி மேலே எழும்பாது. இடத்தை அடையாளம் வைக்கக் கட்டிக்கு நேர் கீழே பச்சை குத்தினாலும் இதே கதிதான். சரி, நடந்தது நடந்தது. அனுபவமுள்ள இடத்துக்குச் சீக்கிரம் போங்கள்.

கேள்வி: துண்டு துண்டாக எடுத்தார்கள். அடுத்த ஸ்கோப் எப்போது?

பதில்: ஆறு மாதத்தில். தள்ளிப்போடாதீர்கள்.