சுட்ட உறையிலிருந்து பிரைமரை நீக்கும் கைக்கருவிகள்: கேள்வி பதில்

தோட்டாவைச் சுட்ட பிறகு பித்தளை உறையின் அடியில் பழைய பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிகலவைக் கிண்ணம்) தங்கிவிடும். அதை வெளியே தள்ளும் கைக்கருவிகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வெற்று உறைகளை வைத்திருக்கவும் தோட்டாவை மறுநிரப்பு செய்யவும் (சுட்ட உறையில் புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் வைக்கவும்) சில நாடுகளில் உரிமம் தேவை. கருவி வாங்கும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் பிரஸ் (உறையை டைக்குள் அழுத்தும் நெம்புகோல் கருவி) இருக்கிறது, அளவு திருத்தும் டையும் (சுட்டதில் விரிந்த உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) இருக்கிறது. அந்த டையே பிரைமரையும் தள்ளிவிடுகிறது. தனியாக ஒரு கைக்கருவி எதற்கு ஐயா?

முதல் காரணம் சுத்தம். கரியும் மண்ணும் ஒட்டிய உறையை டைக்குள் செலுத்தினால் டையின் உட்சுவரில் கீறல் விழும். அந்தக் கீறல் அடுத்து வரும் ஒவ்வொரு உறையிலும் பதியும். முதலில் பிரைமரை நீக்கி, பிறகு உறையைக் கழுவி, அதன் பின் அளவு திருத்தினால் பிரைமர் குழியும் சேர்ந்து சுத்தமாகும்.

இரண்டாவது காரணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பிரஸ்ஸின் நீண்ட நெம்புகோல் எல்லாத் தடையையும் விழுங்கிவிடும். கைக்கருவி அப்படியே உள்ளங்கைக்குச் சொல்லிவிடும். நல்ல உறையில் முதலில் ஒரு இறுக்கம் தெரியும், பிறகு சட்டென்று விடுபடும். அந்த இறுக்கமே இல்லாமல் பிரைமர் பொலபொலவென்று விழுந்தால் குழி விரிந்துவிட்டது என்று பொருள். அந்த உறையைத் தனியே எடுத்து வையுங்கள்; புதிய பிரைமர் அதில் உறுதியாக நிற்காது.

கேள்வி: எந்த வகையை வாங்கலாம்?

எளிமையானது, ஊசி பொருத்திய கம்பியும் துளையிட்ட அடிக்கட்டையும். உறையைக் கட்டையில் நிறுத்திக் கம்பியைச் சிறு சுத்தியலால் தட்ட வேண்டும். விலை குறைவு, ஆனால் சத்தம் அதிகம், கையுணர்வும் கிடைக்காது. அடுத்தது, இரு கைப்பிடிகளை அழுத்தி இயக்கும் கையடக்க பிரஸ். அதில் பெரும்பாலான அளவுகளுக்குப் பொதுவான டிப்ரைமிங் (பிரைமர் நீக்கும்) டையைப் பொருத்தலாம். வலு அதிகம் என்பதால் பிடிவாதமான பிரைமர்களுக்கு ஏற்றது.

மூன்றாவது இடுக்கி வடிவக் கருவி. உறையின் வாயை ஊசித்தண்டின் மேல் செருகிப் பிடியை அழுத்தினால் பழைய பிரைமர் ஒரு குழாய்க்குள் போய் விழும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு பெட்டி உறைகளை முடித்துவிடலாம். என் தேர்வு இதுதான். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: ஊசியை மட்டும் கழற்றி மாற்ற முடிய வேண்டும், உறையின் வாய் அளவுக்கேற்ற வழிகாட்டி வளையங்கள் இருக்க வேண்டும், பிடியின் அகலம் உங்கள் கைக்கு அடங்க வேண்டும். கடைசியானதைப் பலரும் கவனிப்பதில்லை. விரல்களை முழுதாக விரித்துப் பிடிக்க வேண்டியிருந்தால் மணிக்கட்டு சீக்கிரம் வலிக்கும்.

கேள்வி: என் கருவியில் ஊசி அடிக்கடி வளைகிறது, சில சமயம் உடைகிறது. ஊசி தரமற்றதா?

பெரும்பாலும் குறை ஊசியில் இருப்பதில்லை, உறைக்குள்தான் இருக்கும். ஒரு டார்ச் வெளிச்சத்தில் உறையின் உள்ளே பாருங்கள். அடியில் நடுவில் ஒரே ஒரு துளை இருந்தால் அது பாக்சர் வகை. ஊசி அதற்குத்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஓரங்களில் இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டான் வகை. அதில் ஊசி நேராகத் திடமான உலோகத்தின் மேல் போய் முட்டும்.

நடுத்துளையே இருந்தாலும் அதன் அளவைக் கவனியுங்கள். வழக்கமான பொறித்துளை (பிரைமரின் பொறி மருந்துக்குப் போகும் அந்தத் துளை) சுமார் 2 மில்லிமீட்டர். துல்லியச் சுடுதலுக்கான சில உறைகளில் அது 1.5 மில்லிமீட்டர்தான், 6 மி.மீ. பிஆர் நார்மா என்ற தோட்டா வகை ஓர் எடுத்துக்காட்டு. சாதாரண ஊசி அதில் மாட்டிக்கொண்டு இழுக்கும்போது முறியும். அதற்கென்று மெல்லிய ஊசி கிடைக்கிறது.

சுடுதளத்தில் பொறுக்கிய உறைகளில் சிறு கல் கிடக்கும், ஒன்றுக்குள் இன்னொரு உறை செருகியிருப்பதும் உண்டு. ஒவ்வொன்றையும் கவிழ்த்துத் தட்டிவிட்டு எடுங்கள். வழக்கத்தைவிடத் தடை அதிகமாகத் தெரிந்தால் அழுத்துவதை நிறுத்தி உள்ளே பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் பெர்டான் உறைகளைக் குப்பையில்தான் போட வேண்டுமா?

வேறு வழி இல்லாத அரிய அளவுகளுக்குச் சிலர் மெனக்கெடுகிறார்கள். பிரைமரை வெளியிலிருந்து கொக்கியால் குத்தி நெம்பும் கருவி உண்டு. உறையில் நீர் நிரப்பி, வாய்க்குச் சரியாகப் பொருந்தும் கம்பியைத் தட்டி நீரழுத்தத்தால் தள்ளும் முறையும் உண்டு. சாதாரண அளவு உறை என்றால் பித்தளைக் கழிவில் சேர்த்துவிடுங்கள். இரண்டு வகையும் 1866 வாக்கில் வந்தவை. அவற்றை உருவாக்கியவர்களில் பெர்டான் அமெரிக்கர், பாக்சர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்காவில் நிலைத்தது பாக்சர் வகை.

கேள்வி: ராணுவத் தோட்டா உறைகளில் பிரைமர் அசையவே மாட்டேன் என்கிறது.

பிரைமரைச் சுற்றிப் பித்தளையை நசுக்கிப் பூட்டியிருப்பார்கள். உறையின் அடியில் வட்டத்துக்குள் சிலுவை இருந்தால் அது நேட்டோ முத்திரை. அதில் இந்தப் பூட்டை எதிர்பார்க்கலாம். இடுக்கிக் கருவியை நிதானமாக, ஒரே சீரான அழுத்தத்தில் இயக்குங்கள். பிறகு பூட்டின் விளிம்பைக் கடைந்தோ நசுக்கியோ நீக்காவிட்டால் புதிய பிரைமர் உள்ளே போகாது.

மிகப் பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பின் அது விட்டுச்செல்லும் உப்பு ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும். அத்தகைய உறைகளை அன்றே பிரைமர் நீக்கி வெந்நீரில் கழுவுங்கள். உப்பு எண்ணெயில் கரையாது.

கேள்வி: சுடாத பிரைமரையும் இதே கருவியால் தள்ளலாமா? எண்ணெய் ஊற்றினால் செத்துவிடும் என்கிறார்களே?

கூடாது. எண்ணெய் ஊற்றினால் பிரைமர் செயலிழக்கும் என்பதை நம்பி யாரும் கையை வைக்க வேண்டாம். பிரைமரின் அடியில் துப்பாக்கியின் ஊசி குத்திய குழிவு இருப்பதையும் அது சுட்டதுதான் என்பதற்கு ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்; சுட முயன்று வெடிக்காமல் போன பிரைமரிலும் அதே குழிவு இருக்கும். சந்தேகம் வந்தால் ஒதுக்கி வைத்து, ஆயுத விற்பனை உரிமம் உள்ளவரிடம் ஒப்படையுங்கள். சுட்ட உறைகளை மட்டுமே எடுத்தாலும் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் உட்காரக் கூடாது.

கேள்வி: .22 உறைகளுக்கு என்ன கருவி?

வழக்கமான .22 விளிம்புத்தீ உறையில் தனிப் பிரைமரே இல்லை. வெடிகலவை விளிம்புக்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: தள்ளிய பிரைமர் ஊசியோடு ஒட்டி மறுபடி குழிக்குள் வந்துவிடுகிறது.

ஊசி முனை கூராகவோ பிசிறாகவோ இருக்கும். அது பிரைமரின் மென்மையான கிண்ணத்தைக் குத்திப் பிடித்துக்கொள்கிறது. நுண்ணிய உப்புத்தாளில் முனையைத் தேய்த்து ஓரங்களை மழுங்கடித்தால் போதும்.

கேள்வி: வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது. இந்தத் தூசியால் ஆபத்து உண்டா அண்ணா?

உண்டு, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. குழியிலிருந்து உதிரும் கருமையில் ஈயம் கலந்திருக்கும். சமையலறை மேசையிலும் தரைவிரிப்பு உள்ள அறையிலும் செய்யாதீர்கள். வேலை செய்யும் இடத்தில் உணவு கூடாது. கொட்டியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். முடிந்ததும் கையை சோப்பால் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். பிரைமர் குழாயை மூடியுள்ள டப்பாவில் காலி செய்து, எட்டாத உயரத்தில் வையுங்கள்.