எஃப்/22 வைத்தும் படம் ஏன் மங்குகிறது?

வணக்கம் அண்ணா,

கேமரா வாங்கி மூன்று மாதம் ஆகிறது. கூடவே வந்த 18-55 லென்ஸ்தான். போன வாரம் தனுஷ்கோடியில் விடியற்காலையில் அந்த இடிந்த தேவாலயத்தை 18 மி.மீ.-இல் எடுத்தேன். கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, ஒரு மீட்டர் முன்னால் மணலில் கிடந்த வலையையும் சேர்த்துக்கொண்டேன். எஃப்/8 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்) வைத்து தேவாலயத்தில் ஃபோகஸ் செய்தால் வலை மங்கல். எஃப்/22 வைத்தால் எல்லாமே ஒரே மாதிரி சொதசொத என்று இருக்கிறது. ட்ரைபாட் இருந்தது, ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 100, ஷட்டர் திறந்திருந்தது கால் வினாடி. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் இருந்த குழுவுக்குப் பெயரே எஃப்/64 என்கிறார்கள். அப்படியென்றால் என் லென்ஸ்தான் மோசமா?

அன்புள்ள தம்பி,

லென்ஸ் மோசமில்லை, மாற்ற வேண்டாம். 1964 டிசம்பர் புயல் அழித்த ஊரில் நின்றுகொண்டு, இன்றும் அங்கே மீன் பிடிக்கிறவர்களின் வலையை முன்னால் வைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது, எனக்கு அது ரொம்பப் பிடித்தது. அந்த வலை தெளிவாக வந்தே ஆக வேண்டும்.

முதலில் எஃப்/64. 1932-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் போன்றவர்கள் சேர்ந்து வைத்த பெயர் அது. அவர்கள் கையில் இருந்தவை பெரிய கேமராக்கள், 8×10 அங்குல ஃபிலிம்கூடப் போட்டார்கள். உங்கள் கேமராவில் ஃபிலிமுக்குப் பதில் இருக்கும் சென்சாரின் மூலைவிட்டத்தைப் போல அதன் மூலைவிட்டம் பதினோரு மடங்குக்கும் மேல். அந்த ஃபிலிமில் எஃப்/64 என்பது, எல்லாம் எவ்வளவு தூரம் தெளிவாக விழும் என்ற கணக்கில், உங்கள் கேமராவில் சுமார் எஃப்/5.6-தான். பெயரைப் பார்த்து துளையை இறுக்கிக்கொண்டே போகக்கூடாது. பள்ளியில் விளிம்பு விளைவு என்று படித்திருப்பீர்கள், துளை சுருங்கச் சுருங்க ஒளி அதன் விளிம்பில் பட்டுப் பரவும், புள்ளியாக விழ வேண்டியது சிறு வட்டமாக விழும். எஃப்/22-இல் எல்லாமே ஒரே சீராக மங்கியதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

எஃப்/8-இல் நடந்தது வேறு. அங்கே துளை சரி, ஃபோகஸ் வைத்த இடம் தப்பு. தேவாலயத்தில் வைத்தீர்கள், அதற்குப் பின்னால் இருக்கிற வானத்துக்கும் சேர்த்துத் தெளிவைச் செலவழித்துவிட்டீர்கள், முன்னால் இருப்பதற்கு மிஞ்சவில்லை. முன்னால் கிடக்கிற பொருள் எவ்வளவு தூரமோ, அதைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் ஃபோகஸ் செய்யுங்கள். வலை ஒரு மீட்டர் என்றால் இரண்டு மீட்டர். 18 மி.மீ.-இல், எஃப்/11-இல், அங்கே ஃபோகஸ் வைத்தால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளேயிருந்து அடிவானம் வரைக்கும் தெளிவாக இருக்கும்.

வெறும் மணலில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். செருப்பைக் கழற்றி இரண்டு மீட்டரில் வையுங்கள், ஒற்றைப் புள்ளியில் அதன்மேல் ஃபோகஸ் செய்யுங்கள், உடனே மேனுவலுக்கு மாற்றிவிட்டு செருப்பை எடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் ஜூமைத் தொடக்கூடாது, தொட்டால் ஃபோகஸ் நகர்ந்துவிடும். திரையில் படத்தைப் பெரிதாக்கி வலையின் முடிச்சையும் தேவாலயத்தின் கல்லையும் மாறி மாறிப் பாருங்கள், இரண்டும் இருந்தால் சரி. வலை அரை மீட்டருக்குள் வந்துவிட்டால் ஒரு எட்டு பின்னால் போவதுதான் சுலபம்.

எஃப்/22-இலிருந்து எஃப்/11-க்கு வந்தால் நான்கு மடங்கு ஒளி உள்ளே வரும், கால் வினாடி 1/15 ஆகிவிடும். அந்தக் காற்றுக்கு இது பெரிய விஷயம். ட்ரைபாட் கால்களை மணலில் நன்றாக அழுத்துங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், இரண்டு வினாடி டைமர் வையுங்கள். கோடு இழுத்த மாதிரி மங்கினால் அது கேமரா ஆடியதால் வந்தது, அப்போது கவலைப்படாமல் ஐஎஸ்ஓவை 400-க்கு ஏற்றி ஷட்டர் நேரத்தைக் குறையுங்கள். படத்தை ரா கோப்பாக (கேமரா சுருக்காமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுப்பது நல்லது.

இன்னொன்றும் உண்டு. ராமேஸ்வரத்தில் ஏசி அறையில் தங்கிவிட்டு விடியலில் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் முன்னதாக அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். கடற்கரையில் உப்புச் சாரலும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே இருக்கும், நாலைந்து படத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துத் துடையுங்கள்.