தோட்டக் கத்திக்கு எந்த எஃகு? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, மாடித்தோட்டத்துக்கு எவர்சில்வர் கத்தி நல்லதா, கார்பன் எஃகா?

பதில்: கீரை அறுக்க, கயிறு வெட்ட, உரப்பை கிழிக்க எவர்சில்வர் போதும். இதில் 13% அளவுக்குக் குரோமியம் இருப்பதால், ஈரத்தில் மறந்துவிட்டாலும் சட்டென்று துரு ஏறாது. ஒரு செடியின் கிளையை இன்னொரு செடியில் இணைத்து ஒட்டுக் கட்ட மட்டும் நான் கார்பன் எஃகைத்தான் எடுப்பேன். கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் வந்துவிடும், கிளையில் வெட்டிய இடம் நசுங்காது. ஆனால் வாழைப்பால் பட்டால் கத்தி கறுத்துப்போகும். துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். ஈரத்தோடு வைக்காதீர்கள்.

கேள்வி: களை கொத்த எந்த எஃகு?

பதில்: எந்தக் கத்தியும் வேண்டாம், களைக்கொத்து வாங்குங்கள். மண்ணில் இருக்கும் மணல் எல்லா எஃகையும் தேய்த்துவிடும்.

கேள்வி: லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாளுக்கு ஈடே இல்லை என்கிறார் எங்கள் அப்பா. சரியா?

பதில்: அப்பா சொல்வதில் பாதி சரி. பட்டையில் கார்பன் சுமார் 0.6%. அடி தாங்கும், தென்னை மட்டை வெட்ட அருமையானது. மீதிப் பாதி கொல்லர் கையில் இருக்கிறது. பழுக்கக் காய்ச்சி முக்கி எடுத்ததும் இரும்பு கண்ணாடி மாதிரி நொறுங்கும். அதனால் ஓரிடத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி இளஞ்சூடு காட்டுவார்கள். தேய்த்த இடத்தில் முதலில் வைக்கோல் மஞ்சள் ஓடும், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். வெட்டுவாயில் எந்த நிறத்தில் நிறுத்துகிறாரோ அதுதான் பதம்.

கேள்வி: அப்படியென்றால் எஃகின் பெயருக்கு மதிப்பே இல்லையா? 

பதில்: இருக்கிறது தம்பி, பதத்துக்கு அப்புறம். ஒரே பட்டையில் இரண்டு பட்டறைகளில் அரிவாள் அடித்து வாங்கினேன். ஒன்று வேலிக்கருவையில் வாய் பெயர்ந்தது, மற்றது ஆறு வருடமாக உழைக்கிறது. எஃகு ஒன்றுதான்.

கேள்வி: சாணை மிஷினில் தீட்டலாமா?

பதில்: வேண்டாம். மிஷின் சூட்டில் ஓரம் நீலமானால் பதம் போய்விட்டது. என் ஒட்டுக்கத்தி அப்படித்தான் பாழானது. தண்ணீர்க் கல்லில் கையால் தீட்டுங்கள்.

கேள்வி: எவர்சில்வரா, கார்பனா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நோய் வந்த செடியை வெட்டிய கத்தியை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் முக்கலாமா?

பதில்: கார்பன் எஃகு என்றால் கூடாது, துரு தின்றுவிடும். 70% ஸ்பிரிட்டில் துடையுங்கள். அப்புறம் எண்ணெய். ஈரத்தோடு வைக்காதீர்கள்.