மகள் கேட்கும் துறையில் வேலை இருக்கிறதா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தின் முதலாம் ஆண்டை முடிக்கப் போகிறாள். சிவில் எடுத்தால் நீர்ப்பாசனத் திணைக்களத்திலோ வீதி அபிவிருத்தியிலோ ஓர் இடம் கிடைக்கும் என்பது உங்கள் எண்ணம். அவளோ கட்டுப்பாட்டு முறைமைகள்தான் படிப்பேன், அதற்கு மின், இலத்திரனியல் துறைக்குப் போக வேண்டும் என்கிறாள். கட்டுப்பாட்டுப் பொறியியலாளர் என்றொரு பதவிக்கு விண்ணப்பம் கோரி வர்த்தமானியில் தான் கண்டதேயில்லை என்று உங்கள் கணவர் சொல்கிறார் அல்லவா? அவர் சொல்வது சரி. இனியும் காண மாட்டார். மின் பொறியியலாளர், தானியக்கப் பொறியியலாளர் என்ற பெயர்களுக்குள்தான் இந்த வேலை இருக்கிறது.

உங்கள் வயலுக்கு முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் பாய்வதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இந்தப் பாடத்தின் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். துருசைத் திறந்தால் கடைவாய்க்காலுக்குத் தண்ணீர் உடனே வராது. காத்திருந்து பொறுமையிழந்த கமக்காரர் போதவில்லை என்று சொல்ல, இன்னும் கொஞ்சம் திறப்பார்கள். முதலில் விட்டதும் பிறகு விட்டதும் ஒன்றாக வந்து சேரும்போது வரம்பு உடைகிறது. செயலுக்கும் பலனுக்கும் நடுவே உள்ள இந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுத்து, எவ்வளவு திறப்பது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுப்பதுதான் கட்டுப்பாட்டுப் பொறியியல். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மெல்பேர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே சிக்கலை எடுத்துக்கொண்டார்கள். இன்று அங்கே பெரிய வாய்க்கால் வலையமைப்புகளில் மதகுகள் நீர்மட்டத்தைத் தாமே அளந்து தாமே ஏறி இறங்குகின்றன.

2018 டிசம்பர் வெள்ளத்தின் பின், இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளை எப்போது திறந்திருக்க வேண்டும் என்று நடந்த வாதங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். முன்கூட்டித் திறந்தால், மழை பொய்க்கும்போது சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லை. பிந்தித் திறந்தால் கீழே ஊர்கள் மூழ்கும். ஆய்வாளர்கள் இதற்கு முன்கணிப்புக் கட்டுப்பாடு என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். அடுத்த பல மணி நேரத்தில் குளத்துக்கு வரும் நீரைக் கணித்து, அதற்கேற்ற திறப்புத் திட்டம் ஒன்றைப் போட்டு, அதன் முதல் படியை மட்டும் செய்துவிட்டு, புதிய அளவீடு வந்ததும் மீண்டும் முழுக்கக் கணக்கிடுவது. 1970களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் வளர்ந்த முறை இது. கணினி மலிந்த பிறகு ஆறு, அணை, வாகனம் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது.

வேலைவாய்ப்பு என்று பார்த்தால் எனக்குத் தண்ணீரைவிட மின்சாரத்தில்தான் நம்பிக்கை அதிகம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டதே, எல்லோரும் பாணந்துறை உபமின்நிலையத்துக் குரங்கைப் பற்றியே பேசினார்கள். குரங்கு ஒரு சாட்டு. அன்று ஞாயிறு, மின்தேவை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம். அனல், நீர் மின்நிலையங்களில் சுழலும் கனத்த இயந்திரங்கள் ஓர் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். கூரைச் சூரியத் தகடுகளுக்கு அந்தச் சுழற்சி இல்லை. அந்தக் குறையை, தகட்டின் நேர்மின்னோட்டத்தை வீட்டு மின்சாரமான ஆடலோட்டமாக மாற்றும் இன்வேர்ட்டரின் கட்டுப்பாட்டால் ஈடுசெய்வது எப்படி என்பதுதான் இன்று உலகெங்கும் சூடாக நடக்கும் ஆய்வு. மன்னார்த் தீவில் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாற்று, ஏற்கெனவே சுழல்கின்றன. காற்றும் சூரியனும் கூடக்கூட இந்த அறிவுள்ளவர்கள் தேவைப்படுவார்கள்.

காற்றாலையைச் சொன்னதால் இன்னொன்று. முன்பெல்லாம் கோபுரத்தையும் இறகையும் வடிவமைத்து முடித்த பிறகே கட்டுப்பாட்டு நிபுணரை அழைப்பார்கள். இப்போது கட்டமைப்பையும் கட்டுப்பாட்டையும் ஒன்றாக வடிவமைக்கிறார்கள். இறகின் கோணத்தைக் கட்டுப்பாடு நன்றாகத் திருப்பினால் கோபுரத்தின் மேல் விழும் சுமை குறையும், கோபுரத்தை இலேசாகக் கட்டலாம். ஆகவே சிவில், மின் என்று நீங்கள் இருவரும் போட்டுக்கொள்ளும் சண்டைக்கு ஆய்வுலகில் முன்போல அர்த்தமில்லை.

மகளுக்கும் ஒரு வார்த்தை. 2022இல் அணுக்கரு இணைவு உலையின் பிளாஸ்மாவை, அதாவது மிகச் சூடான மின்னேற்ற வாயுவை, செயற்கை நுண்ணறிவு கட்டுப்படுத்தியதும், 2023இல் சூரிச் பல்கலைக்கழகத்தின் ட்ரோன், பறக்கும் பந்தயத்தில் மனித வெற்றியாளர்களைத் தோற்கடித்ததும் உண்மையான சாதனைகள். ஆனால் பியகமவிலோ கட்டுநாயக்கவிலோ தொழிற்சாலை வேலைக்குப் போனால், அங்கே பெரும்பாலும் பிஐடி கட்டுப்படுத்திதான் இருக்கும்; வேண்டிய அளவுக்கும் இருக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத் திருத்தும் எளிய பழைய முறை அது. அதைச் சரிசெய்யும் புகழ்பெற்ற விதிகள் 1942இல் எழுதப்பட்டவை. அதில் அலுப்படைகிறவள் வேலையில் நிலைக்க மாட்டாள். ஆய்வுக்கே போனாலும் வகையீட்டுச் சமன்பாடும் அணிகளும் இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் அவளுக்குப் பிடித்திருந்ததா, அல்லது பிரத்தியேக வகுப்பின் பயிற்சியால் தாண்டினாளா? இதை மட்டும் அவளிடம் கேளுங்கள். இரண்டாவதுதான் பதில் என்றால் நானும் உங்கள் பக்கம்.

வன்னிக்குள்ளேயே இருக்க வேண்டும், அரச வேலைதான் வேண்டும் என்பது உங்கள் உறுதியான நிபந்தனையானால், சிவிலுக்கு இன்றும் வாய்ப்பு அதிகம் என்பதை மறைக்க மாட்டேன். கட்டுப்பாட்டுத் துறை வேலைகள் கொழும்பைச் சுற்றியோ வெளிநாட்டிலோதான் கூடுதலாக இருக்கின்றன. பட்டமேற்படிப்புக்கு வெளியே போவதானால், பொறியியல் ஆய்வுக் கலாநிதிப் பட்டத்துக்குப் பல நாடுகளில் மாணவருக்கே உதவித்தொகை தருவார்கள். காணியை ஈடுவைத்துக் காசு கட்டுங்கள் என்று யாராவது முகவர் வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

துறையைத் தெரிவு செய்யும் படிவம் வருமுன், மின், இலத்திரனியல் துறையின் இறுதியாண்டு மாணவர்கள் என்ன செயற்திட்டம் செய்கிறார்கள் என்று அவள் நேரில் போய்ப் பார்க்கட்டும். விடுமுறையில் ஒரு சிறு நுண்கட்டுப்படுத்திப் பலகையை, அதாவது கருவிகளை இயக்கும் குட்டிக் கணினியை, வாங்கி, வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் மட்டத்தை மோட்டாரால் ஒரே அளவில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். கணக்கீட்டுக்குக் காசு செலவாகும் மென்பொருள் வேண்டாம், இலவசமான ஆக்டேவ் போதும். அது சரிவராமல் நாலு நாள் முட்டி மோதியும் அவள் எழுந்து போகவில்லை என்றால் படிவத்தில் அவள் விருப்பத்தையே முதலில் எழுத விடுங்கள். முதலாம் ஆண்டுப் பெறுபேறு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.