தூசான் லூவெர்த்தூர்: விடுதலையும் கரும்புத் தோட்டமும்

ஐயா,

ஹெய்ட்டிப் புரட்சியைப் பற்றி இப்போதுதான் வாசிக்கிறேன். அடிமையாகப் பிறந்து படைத்தலைவரான தூசான் லூவெர்த்தூர், ஆட்சி கைக்கு வந்ததும் விடுதலையடைந்த மக்களைச் சிப்பாய்களை வைத்துப் பழைய தோட்டங்களுக்கே விரட்டினார் என்கிறார்கள். பதவி வந்ததும் புத்தி மாறிவிட்டதா?

ரா., கரூர்

அன்புள்ள ரா.,

புத்தி மாறவில்லை. பிரேதா தோட்டத்து அடிமையான அவர் 1776-க்குள் விடுதலை பெற்றுவிட்டார். 1779-ல் மருமகனின் காப்பித் தோட்டத்தை அங்கிருந்த 13 அடிமைகளோடு சேர்த்துக் குத்தகைக்கு எடுத்தார். அடிமை முறையை வெறுத்தவர்தான். ஆனால் பெருந்தோட்டம் இல்லாத நாட்டை அவர் மனம் எண்ணிப் பார்க்கவே இல்லை.

1800-ல் அவரை நெருக்கியது வரவு செலவுக் கணக்கு. படையில் சுமார் 20,000 பேர். ஹெய்ட்டி அப்போது பிரான்ஸின் காலனிதான், ஆனால் அங்கிருந்து பணம் வராது. துப்பாக்கியும் வெடிமருந்தும் அமெரிக்க வணிகர்களிடம் வாங்க வேண்டும். அதற்குச் சுங்க வருமானம் வேண்டும், சுங்கத்துக்கு ஏற்றுமதி வேண்டும். 1800 அக்டோபர் 12 ஆணை இங்கிருந்துதான் வந்தது: படைக்குள்ள கட்டுப்பாடு தோட்டத்துக்கும் பொருந்தும், தோட்டத்தை விட்டுப் போனவர் படையை விட்டு ஓடிய சிப்பாய்க்குச் சமம். கூலி, விளைச்சலில் கால் பங்கு. ஆளை விற்க முடியாது. சாட்டைக்குச் சட்டத்தில் இடமில்லை. நடைமுறையில் அதன் இடத்துக்குக் கம்பு வந்தது.

முறை கெட்டதற்கு ஒரு காரணம் வெளிப்படையானது. ஓடிப்போன முதலாளிகளின் தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்தவர்களில் தளபதிகளே முக்கியமானவர்கள். மேற்கிலும் தெற்கிலும் வேளாண்மையை மேற்பார்த்த தளபதி தெசாலின் கையிலேயே பல கரும்புத் தோட்டங்கள் இருந்தன. கால் பங்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்றால் தொழிலாளி யாரிடம் முறையிடுவது?

சரக்கின் குணத்தையும் பார்க்க வேண்டும். வெட்டிய கரும்பு ஓரிரு நாளில் புளிக்கத் தொடங்கிவிடும். அதற்குள் ஆலையில் பிழிந்து, இரவு பகலாகக் கொப்பரையில் காய்ச்ச வேண்டும். ஆலை, வாய்க்கால், பெருங்கூட்டம் மூன்றும் ஒரே இடத்தில் இல்லாமல் வேலை நடக்காது. பத்தாண்டுப் போரில் ஆலைகள் எரிந்துபோயிருந்தன. காப்பிக்கு மலைச்சரிவில் ஒரு குடும்பமே போதும். 1789-ல் சுமார் 14 கோடி பவுண்டாக இருந்த சர்க்கரை ஏற்றுமதி 1801-ல் 1.85 கோடி, காப்பி 7.6 கோடியிலிருந்து 4.3 கோடி. காப்பி பாதிக்கு மேல் மீண்டது, கரும்பு ஏழில் ஒரு பங்குகூட மீளவில்லை. அடக்குமுறையில் பெரும்பகுதி எழ முடியாத ஒரு சரக்கைத் தூக்கி நிறுத்தவே செலவாயிற்று.

எல்லாரும் அக்டோபர் ஆணையைத்தான் பேசுகிறார்கள். என் கணக்கில் அதைவிடக் கொடியது 1801 பிப்ரவரி ஆணை. தொழிலாளிகள் இரண்டு மூன்று பேராகக் காசு சேர்த்துத் துண்டு நிலம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 50 காரோவுக்குக் குறைவாக, அதாவது ஏறத்தாழ 160 ஏக்கருக்குக் குறைவாக, நிலம் விற்கக்கூடாது என்று தடை வந்தது. கட்டாய வேலையையாவது போர்க்காலத் தேவை என்று சொல்லித் தப்பலாம். இது, கூலிக்காரர் என்றைக்கும் கூலிக்காரராகவே இருக்கட்டும் என்ற ஏற்பாடு. அதே ஆண்டு ஜூலையில் வந்த அரசியல் சட்டத்தின் 3-ஆம் பிரிவு அடிமை முறையை என்றென்றைக்குமாக ஒழித்தது. 17-ஆம் பிரிவு வெளியிலிருந்து தோட்ட ஆட்களைக் கொண்டுவர வழி செய்தது. 28-ஆம் பிரிவு அவரை ஆயுட்கால ஆளுநராக்கியது.

அக்டோபரில் வடக்குத் தோட்டங்கள் கொதித்தெழுந்தன. வடக்கின் வேளாண் மேற்பார்வையாளராக இருந்த மொயீஸ், தூசான் மகன்போல வளர்த்தவர், பின்னணியில் இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்றே மாதத்தில், நெப்போலியன் அனுப்பிய தளபதி லெக்லேரின் பிரெஞ்சுப் படை கரையிறங்கியது. தனக்காக எழுந்துவர வேண்டியவர்களையே அவர் அப்போதுதான் அடித்து ஒடுக்கியிருந்தார். 1802 ஜூனில் பேச்சுவார்த்தைக்கென்று அழைத்துப் பிடித்தார்கள். 1803 ஏப்ரல் 7-ல் ஜூரா மலையின் ழூ கோட்டைச் சிறையில் இறந்தார்.

அவரோடு அந்தக் கொள்கை போகவில்லை. 1804-ல் நாடு சுதந்திரமடைந்த பிறகு தெசாலினும் தோட்டக் கட்டாயத்தையே தொடர்ந்தார், அவருக்குப் பின் வடக்கை ஆண்ட கிறிஸ்டோஃபும் அப்படியே. தெற்கை ஆண்ட பெத்தியோன்தான் 1809 முதல் படைவீரர்களுக்கு நிலத்தைப் பகிர்ந்து கொடுக்கத் தொடங்கினார். அங்கே கரும்பு சுருங்கி, சிறு காப்பித் தோட்டம் பரவியது.